ஐந்து முறை பணிமனைக்குப் போயும் தீராத பிரேக் குறை: வண்டியை மாற்றித் தரும்படி சட்டப்படி கேட்க முடியுமா?

கேள்வி
கேட்டவர்: கோத்தகிரி ஆசிரியை

வணக்கம். மேட்டுப்பாளையத்தில் குடியிருக்கும் நான் கோத்தகிரியில் ஒரு பள்ளியில் பணிபுரிகிறேன். அன்றாடம் மலையேறி இறங்குவதற்காகவே 2024 பிப்ரவரியில் வங்கிக் கடன் பெற்று, 9,40,000 ரூபாய்க்குப் புதிய கார் ஒன்றை வாங்கினேன். தயாரிப்பு நிறுவனத்தின் பெயரையும் விற்பனை நிலையத்தின் பெயரையும் இங்கே குறிப்பிட விரும்பவில்லை. எனக்கு வழி தெரிந்தால் போதும்.

வாங்கிய ஐந்தாம் மாதத்தில் குறை தொடங்கியது. ரயில்வே கேட்டிலோ சிக்னலிலோ பிரேக்கை மிதித்தபடி நின்றுகொண்டிருந்தால், என் கால் அழுத்தம் மாறாமல் இருக்கும்போதே பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தால் பழைய உயரத்துக்கு வந்துவிடுகிறது. நாள்தோறும் நேர்வதில்லை, சில வாரங்கள் ஒன்றுமே இருக்காது, பிறகு தொடர்ந்து மூன்று நாள் வரும். சென்ற ஆண்டு ஆகஸ்டில், குஞ்சப்பனைக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் கீழ்நோக்கி வந்துகொண்டிருந்தேன். எதிரே ஏறிவந்த பேருந்துக்கு வழிவிட்டு நின்றபோது பெடல் அடிவரை போய்விட்டது. வண்டி இரண்டடி முன்னால் உருண்டு, கைப்பிரேக்கை இழுத்த பிறகுதான் நின்றது. பின் இருக்கையில் என் மகள் இருந்தாள். அன்றிலிருந்து அவளை அந்த வண்டியில் ஏற்றுவதில்லை.

இதுவரை ஐந்து முறை அதிகாரபூர்வப் பணிமனையில் விட்டிருக்கிறேன். 2024 ஜூலையில் பிரேக் லைனில் காற்று எடுத்தார்கள். நவம்பரில் பிரேக் பேடை மாற்றி, டிஸ்க்கைக் கடைந்து கொடுத்தார்கள். 2025 மார்ச்சில் பிரேக் ஆயிலை மாற்றினார்கள். ஆகஸ்டில், மேலே சொன்ன நிகழ்ச்சிக்குப் பிறகு, பெடல் அழுத்தத்தை ஆயில் வழியாகச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரையே மாற்றினார்கள். அதன்பின் ஏறத்தாழ நான்கு மாதம் நன்றாக இருந்தது. இந்த ஆண்டு பிப்ரவரியில் மீண்டும் அதே குறையோடு போனபோது, "இந்த மாடலில் பெடல் இப்படித்தான் இருக்கும், மலையில் அதிகம் ஓட்டுகிறீர்கள், பழகிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்போது ஓடோமீட்டர் 31,000 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கிறது. உத்தரவாதக் காலம் இன்னும் முடியவில்லை.

நான் அறிய விரும்புபவை இவை. வண்டியை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ சட்டப்படி கேட்க முடியுமா? கேட்பதாக இருந்தால் விற்றவரைக் கேட்க வேண்டுமா, தயாரித்தவரைக் கேட்க வேண்டுமா? இவ்வளவு தூரம் ஓட்டிவிட்ட பிறகு புகார் எடுபடுமா? மாதத் தவணையை நிறுத்திவிடும்படி உறவினர் ஒருவர் சொல்கிறார், அது சரியா?

பதில் 1
எழுதியவர்: ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர்

வணக்கம், அம்மா. சட்டத்தைப் பற்றி வழக்கறிஞர்கள் சொல்லட்டும். பிரேக்கைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் குறையின் இயல்பைச் சரியாகச் சொல்லத் தெரியாதவருக்குச் சட்டமும் அதிகம் உதவாது.

நீங்கள் விவரித்திருப்பது பெடல் இறங்கும் குறை. பெடல் பஞ்சுபோல் மெத்தென்று இருந்தால் லைனில் காற்று இருக்கிறது என்று பொருள். கல்லைப்போல் இறுகிப்போனால், மிதிக்கும் விசையைப் பெருக்கும் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்கவில்லை என்று பொருள். மிதித்து நிறுத்திய பிறகு தானாகக் கீழே போய், மறுபடி மிதித்தால் மேலே வருவது இவ்விரண்டும் அல்ல. மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீலைத் தாண்டி ஆயில் உள்ளுக்குள்ளேயே பின்வாங்கும்போதுதான் பெரும்பாலும் இப்படி நேரும். வெளியே ஒரு சொட்டும் கசியாது, ஆயில் தொட்டியின் அளவும் குறையாது. ஆகவே அடியில் எட்டிப் பார்த்துவிட்டு "கசிவு இல்லை" என்று எழுதிவிடுவது எளிது. உங்கள் முதல் மூன்று பணிமனை வருகைகளில் செய்த வேலைகள் எதுவும் இந்தக் குறையைத் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பிரேக் பேடும் டிஸ்க்கும் சக்கரத்தில் இருப்பவை. பெடல் இறங்குவதற்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

மாஸ்டர் சிலிண்டரை மாற்றிய பிறகும் அதே குறை திரும்பியதுதான் உங்கள் வழக்கின் உயிர்நிலை. அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். புதிதாகப் போட்ட சிலிண்டரும் குறையுள்ளதாக இருந்திருக்கலாம். சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அலகின் உள்வால்வு சரியாக மூடாமல் இருக்கலாம். மூன்றாவது, பணிமனையில் பிரேக் ஆயிலை மாற்றும்போது கனிம எண்ணெய் ஏதேனும் கலந்து, ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுப்போயிருக்கலாம். முதல் இரண்டும் தயாரிப்புக் குறை, மூன்றாவது சேவைக் குறை. யார் பொறுப்பு என்பது இதைப் பொறுத்தே மாறும் என்பதால், ஆயில் மாதிரியையும் சோதிக்கும்படி கேளுங்கள்.

"மலையில் ஓட்டுகிறீர்கள்" என்ற பதிலுக்கு வருகிறேன். இறக்கத்தில் தொடர்ந்து பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறும் என்பதும், ஈரம் ஏறிய பழைய ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் திடீரென்று அடிவரை போகக்கூடும் என்பதும் உண்மையே. டாட் 4 வகை பிரேக் ஆயில் புதியதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கான வரம்பு 155 டிகிரிதான். ஆகவே எதிர்தரப்பினர் எல்லாப் பழியையும் மலைமேலும் உங்கள் ஓட்டும் முறைமேலும் போடுவார்கள். அதை இப்போதே அடைத்துவிடலாம். விடியற்காலையில், வண்டி முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது, வீட்டு வாசலில் சமதரையில் கைப்பிரேக்கைப் போட்டு, நியூட்ரலில் எஞ்சினை இயக்குங்கள். எஞ்சின் உயிர்பெறும் கணத்தில் மிதித்திருக்கும் பெடல் சிறிது கீழே போகும். அது பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம், அதைக் குறையென்று பதிவுசெய்துவிடாதீர்கள். அதன்பிறகு ஒரே அழுத்தத்தில், மிதமாக, அரை நிமிடம் மிதித்திருங்கள். பள்ளியில் பயன்படுத்தும் அடிக்கோலைப் பெடலுக்கருகே நிறுத்தி, தொடக்கத்தில் எந்தக் கோட்டில் இருந்தது, முடிவில் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று ஒருவரை விட்டுக் காணொளி எடுக்கச் சொல்லுங்கள். அதே காணொளியில் ஓடோமீட்டர் எண்ணும் தெரிய வேண்டும். குளிர்ந்த வண்டியில் சமதரையில் பெடல் இறங்குகிறது என்றால் மலையைக் காரணம் காட்ட முடியாது.

கடைசியாக ஒன்று. இந்தக் குறை தீரும்வரை அந்த வண்டியை மலையில் ஓட்டாதீர்கள். வழக்குக்கு வலு சேர்க்கிறேன் என்று எண்ணிக்கூட ஓட்டாதீர்கள்.

பதில் 2
எழுதியவர்: நுகர்வோர் வழக்கறிஞர், கோயம்புத்தூர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 69-இன்படி, வழக்குமூலம் (வழக்குத் தொடரக் காரணமான நிகழ்வு) எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகாரைத் தாக்கல் செய்ய வேண்டும். குறை தொடர்ந்து வருகிறது, கடைசியாக மறுத்தது இந்த ஆண்டு பிப்ரவரியில்தான் என்று வாதிட இடமிருக்கிறது. ஆனால் எதிர்தரப்பினர் 2024 ஜூலையிலிருந்துதான் எண்ணுவார்கள். அந்தக் கணக்கின்படி வரும் ஜூலையுடன் காலவரம்பு முடிகிறது. தாமதத்தை மன்னிக்க நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டென்றாலும், அந்த வாசலில் போய் நிற்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. "அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சிலேயே காலத்தைத் தொலைத்துவிட்டு வருபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

நம் நாட்டில், அமெரிக்க மாநிலங்களில் இருப்பதுபோல, இத்தனை முறை பழுதுபார்த்தும் சரியாகாவிட்டால் வண்டியை மாற்றித் தர வேண்டும் என்று எண்ணிக்கை வைத்துச் சொல்லும் தனிச் சட்டம் கிடையாது. நம்மிடம் இருப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 39. குறையை நீக்குதல், புதிய பொருளாக மாற்றித் தருதல், விலையை வட்டியுடன் திருப்பித் தருதல், இழப்பீடு, தண்டனைத் தன்மையுள்ள இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றில் எதையும் உத்தரவிட அது ஆணையத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. எதை உத்தரவிடுவது என்பது நிரூபணத்தைப் பொறுத்தது. 2006-இல் மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில், கிளட்ச் தொடர்பான குறைக்காக வண்டியையே மாற்றித் தரும்படி இட்ட உத்தரவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. உத்தரவாத நிபந்தனை குறையுள்ள பாகத்தைச் சரிசெய்து அல்லது மாற்றித் தருவதோடு நின்றுவிடுகிறது என்றது. இந்தத் தீர்ப்பு உங்கள் வழக்கில் எதிர்தரப்பினரின் பதிலுரையில் கட்டாயம் இடம்பெறும்.

அதற்கு எதிராக நமக்கு இரண்டு தீர்ப்புகள் துணை நிற்கும். 2010-இல் சி.என்.அனந்தராம் எதிர் ஃபியட் இந்தியா வழக்கில், சார்பற்ற தொழில்நுட்ப வல்லுநர் வண்டியைச் சோதிக்க வேண்டும் என்றும், உள்ளார்ந்த தயாரிப்புக் குறை இருப்பது தெரிந்தால் விலையைத் திருப்பித் தர வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. 2022-இல் ஹூண்டாய் எதிர் சைலேந்திர பட்நாகர் வழக்கு இன்னும் நெருக்கமானது. விபத்தில் ஏர்பேக் விரியவில்லை. மோதலின் வேகமும் கோணமும் போதவில்லை என்றது நிறுவனம். வேகத்தையும் விசையையும் கணக்கிடும் இயற்பியல் வல்லுநராக நுகர்வோர் இருக்க வேண்டியதில்லை என்று கூறிய உச்ச நீதிமன்றம், இழப்பீட்டையும் வண்டியை மாற்றித் தரும் உத்தரவையும் உறுதி செய்தது. பாதுகாப்புக்காகவே பொருத்தப்பட்ட ஒரு கருவி தன் வேலையைச் செய்யாதபோது ஆணையங்கள் அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு அது நல்ல வழிகாட்டி. இருக்கைத் துணி கிழிவதும் பிரேக் இறங்குவதும் ஒன்றல்ல என்பதை உங்கள் புகாரின் முதல் பத்தியிலேயே சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

யாரைக் கேட்பது என்பதற்கு: இருவரையும் எதிர்தரப்பினராகச் சேருங்கள். பணிமனை வேறொருவருடையது என்றால் அவரையும் சேருங்கள். 2021-இல் டாட்டா மோட்டார்ஸ் எதிர் அந்தோனியோ பாலோ வாஸ் வழக்கில், முகவர் (விற்பனை நிலையத்தார்) தனியாகச் செய்த தவறு தயாரிப்பாளருக்குத் தெரியும் என்று காட்டாத நிலையில் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆய்வாளர் ஐயா சொன்ன மூன்றாவது காரணம், அதாவது தவறான எண்ணெய், உண்மையாக இருந்து நீங்கள் தயாரிப்பாளரை மட்டும் சேர்த்திருந்தால் வழக்கு கையைவிட்டுப் போகும். ஆகவே தயாரிப்பு நிறுவனத்துக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பி, ஐந்து வருகைகளையும் தேதியுடன் தெரிவியுங்கள். பின்னால் "எங்களுக்குத் தெரியாது" என்று அவர்கள் சொல்ல முடியாது.

உங்கள் வண்டிக்குச் செலுத்திய தொகை 50 லட்சத்துக்கு உட்பட்டது என்பதால் மாவட்ட ஆணையம்தான் உரிய இடம். பிரிவு 34-இன்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது கோயம்புத்தூரிலேயே தாக்கல் செய்யலாம். நிறுவனத்தின் தலைமையகம் வேறு மாநிலத்தில் இருப்பது தடையல்ல. செலுத்திய தொகை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் 200 ரூபாய். 2025 ஜனவரியில் தொடங்கிய இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். வேண்டுமென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை.

பிரிவு 38-இன்படி, சோதனையில்லாமல் குறையைத் தீர்மானிக்க முடியாதபோது ஆணையம் பொருளை ஆய்வுக்கு அனுப்பும். அதற்கான மனுவைப் புகாரோடு சேர்த்தே போடுங்கள், பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வாகன வழக்குகளில் மோட்டார் வாகன ஆய்வாளரையோ பொறியியல் கல்லூரியின் ஆட்டோமொபைல் துறைப் பேராசிரியரையோ வல்லுநராக நியமிப்பது வழக்கம். சோதனைச் செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். சோதனை தேவைப்படும் வழக்குகளை ஐந்து மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே ஆகும் என்று மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். எதிர்தரப்பினர் பதிலுரை தருவதற்கு மட்டும் 30 நாளும் கூடுதலாக 15 நாளுமே உண்டு. அதற்குமேல் நீட்டிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்த்துவைத்திருக்கிறது.

புதிய சட்டத்தில் பொருள் பொறுப்பு என்றொரு அத்தியாயம் இருப்பதை யாராவது உங்களுக்குச் சுட்டிக்காட்டக்கூடும். அதை நம்பி வழக்கை அமைக்காதீர்கள். அங்கே சொல்லப்படும் 'தீங்கு' என்பது உடற்காயம், உயிரிழப்பு, வேறு உடைமைக்கு ஏற்பட்ட சேதம் போன்றவை. குறையுள்ள பொருளுக்கே ஏற்பட்ட கேட்டை அந்த வரையறை விலக்கிவைத்திருக்கிறது. நல்லவேளையாக உங்களுக்கோ குழந்தைக்கோ அடிபடவில்லை. உங்களுக்குப் பிரிவு 39 போதுமானது.

தவணையை நிறுத்தாதீர்கள். கடன் ஒப்பந்தம் உங்களுக்கும் வங்கிக்கும் இடையிலானது. தவணை தவறினால் வங்கி வண்டியை எடுத்துக்கொண்டு போகும். ஆணையம் சோதிக்க வேண்டிய பொருளே உங்கள் கையில் இருக்காது. வழக்கு நடக்கும்போது ஆணையத்தின் அனுமதியின்றி வண்டியை விற்றுவிட்டவர் நுகர்வோர் என்ற தகுதியையே இழக்கிறார் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் பல வழக்குகளில் கூறியிருப்பதையும் நினைவில் வையுங்கள்.

பதில் 3
எழுதியவர்: ஸ்கூட்டர் வழக்கை நடத்தியவர்

சகோதரிக்கு வணக்கம். நான் வழக்கறிஞரும் அல்ல, மெக்கானிக்கும் அல்ல. இரண்டு ஆண்டு ஏழு மாதம் ஒரு மாவட்ட ஆணையத்தின் படியேறி இறங்கியவன். என் புதிய ஸ்கூட்டரில் பிரேக்கை விட்ட பிறகும் முன்சக்கர டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டே இருந்தது. பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால் டிஸ்க்கின் அருகே கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு. வண்டியைத் தள்ளினால் நகராது. நான்கு முறை பணிமனைக்குப் போனேன்.

நான் செய்த தவறுகள் இரண்டு. பணிமனையில் ஜாப் கார்டு (வேலைப் பதிவுச் சீட்டு) எழுதும்போது நான் சொன்னதை அவர்கள் எழுதுகிறார்களா என்று ஒருமுறையும் பார்க்கவில்லை. நான் சொன்னது "பிரேக் விடவில்லை, சக்கரம் சுற்றவில்லை" என்பது. ஆணையத்தில் அந்தக் காகிதங்களை விரித்தபோது ஒன்றில் "பிரேக் சத்தம்" என்றும், ஒன்றில் "ஜெனரல் செக்கப்" என்றும், மற்றொன்றில் வெறுமனே "வாட்டர் வாஷ், பிரேக் அட்ஜஸ்ட்" என்றும் இருந்தன. நான்கு முறையும் ஒரே குறைக்காகத்தான் போனேன் என்பதை என் வாய்ச்சொல்லைத் தவிர வேறெதுவும் காட்டவில்லை. இரண்டாவது தவறு இதைவிடப் பெரிது. வழக்குப் போட்ட பிறகு, வேலைக்குப் போக வண்டி வேண்டுமே என்று தெருமுனைக் கடையில் காலிப்பரை (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகத்தை) மாற்றிவிட்டேன். பழைய காலிப்பரைக் கடைக்காரர் பழைய இரும்போடு போட்டுவிட்டார். ஆய்வுக்கு வந்த வல்லுநர், "இப்போது பொருத்தியிருக்கும் பாகம் நிறுவனத்தினுடையது அன்று; ஆகவே மூலக் குறையைப் பற்றிக் கருத்துச் சொல்ல இயலாது" என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்.

முடிவில் வண்டியை மாற்றித் தரும்படி நான் கேட்டது கிடைக்கவில்லை. பிரேக் பாகங்களை இலவசமாகப் புதிதாகப் பொருத்தித் தரவும், 20,000 ரூபாய் இழப்பீடும் 5,000 ரூபாய் செலவுத்தொகையும் தரவும் ஆணையம் உத்தரவிட்டது. அது அநீதி என்று சொல்ல மாட்டேன். என் கையில் இருந்த சான்றுக்கு அவ்வளவுதான் தர முடியும். அந்தப் பழைய காலிப்பரை ஒரு துணிப்பையில் போட்டு வீட்டுப் பரணில் வைத்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். உங்களுடைய பழைய மாஸ்டர் சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று முதலில் கேளுங்கள், சகோதரி.

கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: கோத்தகிரி ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை ஐந்து ஜாப் கார்டுகளையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். மூன்றில் "பெடல் கீழே போகிறது" என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். அந்த வகையில் நான் தப்பித்தேன். முதலாவதில் "பிரேக் சாஃப்ட்" என்று இருக்கிறது. கடைசியாகப் பிப்ரவரியில் கொடுத்ததில், "சோதித்ததில் குறை இல்லை, வாடிக்கையாளர் திருப்தி" என்று எழுதி, கீழே என் கையொப்பம் இருக்கிறது. வண்டியை வெளியே எடுக்க வேண்டுமென்றால் இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். பள்ளிக்கு நேரமாகிவிட்டதால் படிக்காமல் போட்டேன். என் மாணவர்களுக்கு எதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லிக்கொடுக்கும் நான் இதைச் செய்ததை நினைத்தால் உறக்கம் வரவில்லை. இது வழக்கைக் கெடுத்துவிடுமா?

பழைய மாஸ்டர் சிலிண்டரைப் பற்றிக் கேட்டேன். உத்தரவாதத்தில் மாற்றிய பாகம் நிறுவனத்துக்குத் திரும்பப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

பதில் 4
எழுதியவர்: நுகர்வோர் வழக்கறிஞர், கோயம்புத்தூர்

அந்த ஒரு வரி வழக்கைக் கெடுக்காது. ஆனால் நீங்கள் பேசாமல் இருந்தால் கெடுக்கும். வண்டியை விடுவிப்பதற்கான அச்சிட்ட வாசகத்தில் பெற்ற கையொப்பத்துக்கு ஆணையங்கள் பெரிய மதிப்புத் தருவதில்லை. திருப்தியடைந்தவர் அதே குறைக்காக ஐந்தாம் முறை ஏன் வந்தார் என்ற கேள்வி இயல்பாகவே எழும். பெடல் மறுபடி இறங்கிய நாளையும் ஓடோமீட்டர் எண்ணையும் குறிப்பிட்டு, அந்தக் குறிப்பை நான் ஏற்கவில்லை, வாகனத்தைப் பெறுவதற்காகவே கையொப்பமிட்டேன் என்று இன்றே மின்னஞ்சலில் எழுதுங்கள். ஆய்வாளர் ஐயா சொன்னபடி எடுத்த காணொளியையும் இணையுங்கள். அந்தக் காணொளி இருக்கும் கைப்பேசியை மாற்றவோ விற்கவோ வேண்டாம். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் பிரிவு 63-இன்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழையும் சேர்த்துத் தாக்கல் செய்தால் எதிர்தரப்பினர் அதன் உண்மைத்தன்மையைக் கேள்வி கேட்பது கடினமாகும்.

பழைய சிலிண்டர் நிறுவனத்திடம் போனது ஒருவகையில் நல்லதே. தெருமுனைக் கடையின் பழைய இரும்பில் அது கலக்கவில்லை. அதைப் பாதுகாத்து வைக்கும்படியும், அதன்மேல் ஏதேனும் பகுப்பாய்வு செய்திருந்தால் அந்த அறிக்கையைத் தரும்படியும் சட்ட அறிவிப்பிலேயே கேளுங்கள். தர மறுத்தால், பிரிவு 38-இன் எட்டாம் உட்பிரிவின்கீழ் இடைக்கால உத்தரவு கேட்கலாம். சட்ட அறிவிப்பில் 15 நாள் கெடு கொடுத்து, ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025-இல் விரைவு அஞ்சலோடு இணைந்துவிட்டது. முதன்மை வேண்டுகோளாக விலையைத் திருப்பித் தருவதையோ வண்டியை மாற்றித் தருவதையோ வையுங்கள். மாற்று வேண்டுகோளாக ஏபிஎஸ் அலகு உட்பட பிரேக் அமைப்பு முழுவதையும் மாற்றி, நீட்டித்த உத்தரவாதம் தரும்படி கேளுங்கள். முதலாவது மட்டும் கேட்டு, அதற்குச் சான்று போதாமல் வெறுங்கையோடு திரும்பக் கூடாது.

இன்னொன்றும் செய்யுங்கள். இது உங்களுக்காக மட்டும் அல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின்போது பிரிவு 110-ஏ சேர்க்கப்பட்டது. ஒரே வகை வாகனங்களில் ஓட்டுநருக்கோ பயணிக்கோ சாலையில் செல்லும் பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் குறை இருப்பதாக, விதிகளில் குறித்த அளவு உரிமையாளர்கள் முறையிட்டால், அவற்றைத் திரும்பப் பெறும்படி தயாரிப்பாளருக்கு மத்திய அரசு உத்தரவிடலாம். இதற்கான விதி 127-சி 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாகனப் பதிவுக்கான அரசின் வாஹன் இணையதளத்தில் இதற்கென உள்ள பகுதியில், ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளின் உரிமையாளர்கள் பதிவு எண்ணைக் கொடுத்து முறையிடலாம். வாகனத்தின் தரம் தொடர்பான அந்த அத்தியாயத்தை மீறும் தயாரிப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையோ 100 கோடி ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்று பிரிவு 182-ஏ சொல்கிறது. "இந்த மாடலில் பெடல் இப்படித்தான் இருக்கும்" என்று பணிமனை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையானால், அதே மாடலை வாங்கிய மற்றவர்களும் இதே பெடலை மிதித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் வண்டிக்கு மட்டும் வந்த கெட்ட காலம் என்று நினைத்துப் பேசாமல் இருந்தால் அந்த எண்ணிக்கை ஒருநாளும் நிரம்பாது. இந்த முறையீடு ஆணைய வழக்குக்குத் தடையும் அல்ல, மாற்றும் அல்ல. இரண்டையும் ஒரே வேளையில் நடத்தலாம்.

பதில் 5
எழுதியவர்: ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர்

அம்மா, சட்ட அறிவிப்புக்குப் பிறகு பெரும்பாலும் "ஒருமுறை வண்டியைக் கொண்டுவாருங்கள், எங்கள் கம்பெனி இன்ஜினியர் பார்க்கட்டும்" என்று அழைப்பு வரும். போகலாம். ஆனால் உங்கள் எதிரில் சோதிக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டுக்கொண்டு போங்கள். வண்டியை விட்டுவிட்டு மாலையில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஏபிஎஸ் அலகில் பதிவாகியுள்ள பிழைக் குறியீடுகளை ஸ்கேனரில் படித்து, அவற்றை அழிப்பதற்கு முன் அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒரு பொத்தானில் அழிந்துபோகும் சான்று அது. பிரேக் பயன்பாட்டின்போது பெடலில் தோன்றும் அதிர்வு ஏபிஎஸ் வேலை செய்வதால் வருவது, இயல்பானது என்று விளக்குவார்கள். உண்மைதான், ஆனால் நின்றுகொண்டிருக்கும் வண்டியில் ஏபிஎஸ் வேலை செய்யாது. உங்கள் குறை நின்றுகொண்டிருக்கும்போது வருகிறது என்பதை அந்த இடத்திலேயே, அமைதியாக, திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

பணிமனைக்குக் கொண்டுபோவதற்கும் வண்டியை ஓட்டிச் செல்லாதீர்கள். உத்தரவாதத்தோடு தரப்பட்ட சாலை உதவிச் சேவை இருந்தால் இழுவை வண்டியை அழையுங்கள், அந்த இரசீதும் உங்கள் கோப்பில் சேரட்டும். அதுவரை கோத்தகிரிக்குப் பேருந்திலேயே போய்வாருங்கள். பயணச்சீட்டுகளைத் தேதிவாரியாகத் தாளில் ஒட்டி வைத்தால் இழப்பீட்டுக் கணக்கில் அதையும் காட்டலாம்.

அடிக்கோல் சோதனையை இந்த வாரமே செய்துவிடுங்கள். அரை நிமிடத்தில் பெடல் எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று மூன்று காலைகளில் அளந்து, மூன்று எண்களையும் இங்கே எழுதுங்கள். வல்லுநரிடம் எந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லி மனுவில் எழுத வேண்டும் என்பதை அதைப் பார்த்த பிறகு சொல்கிறேன்.